வண்டிக்கு ஃபேன் மாற்றிய விஷயம்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுகிறேன். நீ அங்கே எப்படி இருக்கிறாய் கண்ணு, இருமல் நின்றதா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இங்கே நானும் உன் தங்கச்சியும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், மனசைக் கேட்டால் அதுவும் இப்போது எழுந்து நாலு அடி நடக்கிறது, விழுந்தாலும் முன்போல விழுந்த இடத்திலேயே கிடப்பதில்லை. உன் அப்பாவின் லோடு சீட்டுப் புத்தகத்தில் மிச்சம் இருந்த தாள்களின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன், கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், அஞ்சாவது வரைக்கும் படித்தவள் கை வேறு எப்படி இருக்கும். எழுதி முடித்ததும் உன் தங்கச்சி ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள். எழுத்துப் பிழை பார்த்துத் தரட்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன், பிழை என்னுடையது, அப்படியே போகட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காய்ச்சல், தூங்குகிறேன் என்று அவள் உனக்குச் செய்தி அனுப்பினாள் இல்லையா, அது பொய். நான்தான் அனுப்பச் சொன்னேன், அவளைத் திட்டாதே. நீ கூப்பிட்டபோது போன் என் மடியில்தான் இருந்தது, அடித்து அடித்து நின்றது, மறுபடி அடித்தது, நான் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பெற்ற பிள்ளை கூப்பிட்டு எடுக்காத பாவம் எனக்கு வேண்டாம், அதனால்தான் இன்றைக்குப் புதன்கிழமையே உட்கார்ந்து எழுதுகிறேன், அடுத்த ஞாயிறு வருவதற்குள் உனக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விஷயம் வண்டியைப் பற்றியது. அப்பாவின் லோடு வண்டிக்கு ஃபேன் மாற்றிவிட்டோம். இன்ஜினோடு சேர்ந்து சுற்றுமே அந்தப் பெரிய இரும்பு ஃபேன், அதைக் கழற்றிவிட்டு கரண்டில் ஓடுகிற ஃபேன் இரண்டு போட்டாயிற்று. நீ ஞாயிறு தவறாமல் போனில் கேட்கிற அந்தச் சத்தம் இப்போது நம் வண்டியில் இல்லை ராசா. இதோடு இன்னொன்றும் இருக்கிறது, அது இதைவிட மோசம், கொஞ்சம் எழுதிய பிறகு தைரியம் வந்தால் சொல்கிறேன், வரும்.

ஏன் மாற்றினோம் என்று முதலில் கேட்டுக்கொள், பிறகு கோபப்படு. உன் அப்பா ஓட்டினது நீண்ட தூர ஓட்டம், வண்டி வேகமாகப் போகும், எதிர்க்காற்று வந்து முகத்தில் மோதும், இன்ஜின் தானாகவே குளிர்ந்துகொள்ளும். இப்போது நாங்கள் பார்க்கிறது நத்தை வேலை. புது ரோட்டின் இரண்டு பக்கமும் மரக்கன்று நட்டிருக்கிறார்கள், ஆறு கிலோமீட்டருக்கு, பின்னால் தண்ணீர் டேங்கை ஏற்றிக்கொண்டு உன் தங்கச்சி வண்டியை உருட்டிக்கொண்டே போவாள், நான் குழாயைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து ஒவ்வொரு கன்றுக்கும் தண்ணீர் விடுவேன். ஒரு கன்றுக்குப் பத்து எண்ண வேண்டும், அதுதான் அளவு. ஆரம்பத்தில் எனக்குப் பத்தோடு நிறுத்தத் தெரியவில்லை, போய்விட்ட உன் அப்பாவை நினைத்துக்கொண்டு ஒரே கன்றில் நின்றுவிடுவேன், பாத்தி நிரம்பி ரோட்டில் வழியும், உன் தங்கச்சி ஹாரன் அடித்து, அம்மா, அது செடி, நெல்லு வயல் இல்ல என்று கத்துவாள். வண்டி மனுஷன் நடக்கிற வேகத்தில்கூடப் போகாது. அந்தப் பழைய ஃபேன் இருக்கிறதே, அது இன்ஜின் வேகமாகச் சுற்றினால் வேகமாகச் சுற்றும், இன்ஜின் மெல்லச் சுற்றினால் அதுவும் சோம்பல் முறிக்கும். மிதித்தால் ஊரைக் கூட்டும், சும்மா நின்றால் ஈ ஓட்டும். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தால் ஒன்பதரைக்கெல்லாம் சூட்டு முள் சிவப்புக்குப் போய்விடும், ஓரம் கட்டி முக்கால் மணி நேரம் நிற்போம், ஆறட்டும் என்று. நாலு மணி நேர வேலை எட்டு மணி நேரம் ஆகும். பாதிக் கன்றுக்குத் தண்ணீர் போகாது, வாடிப்போய்க் கிடக்கும்.

அங்கே ஒரு சூப்பர்வைசர் இருக்கிறார், வெயிலோ மழையோ குடை இல்லாமல் நடக்க மாட்டார், நாங்கள் குடைக்காரர் என்போம், நல்ல மனுஷன்தான், ஆனால் அவருக்கு மேலே ஆள் இருக்கிறது. மூணு தடவை பொறுத்தார். நாலாவது தடவை ஒரு நாள் நாங்கள் ஓரம் கட்டி நிற்கும்போது வந்து, அம்மா, நீங்க கஷ்டப்படுறது எனக்குத் தெரியுது, செடிக்குத் தெரியுமா, இன்னும் மூணு நாள்ல வண்டியைச் சரி பண்ணிட்டு வாங்க, இல்லேன்னா இந்த வரிசையை வேற வண்டிக்குக் குடுக்கச் சொல்லிடுவாங்க, என் கையில இல்ல என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அவமானம் தாங்கவில்லை. அவர் போனதும் ஆத்திரத்தில், இன்னும் ஆறவில்லையா என்று ரேடியேட்டர் மூடியைத் துணி வைத்துத் திறந்துவிட்டேன். உன் அப்பா இத்தனை வருஷம் தலையில் அடித்துச் சொன்னது, சூட்டில் மூடி திறக்காதே என்று. கொதிதண்ணீர் பீறிட்டு முழங்கையில் பட்டுவிட்டது. பதறாதே, தோல் உரிந்து இப்போது புதுத் தோல் வந்துவிட்டது, வேலை செய்கிற கை வழக்கம்போல வேலை செய்கிறது. அன்றைக்கு உன் தங்கச்சி நடு ரோட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். அப்பா போன அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. வண்டியை இன்னொரு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு மெக்கானிக் பட்டறைக்குப் போனோம்.

அந்த மெக்கானிக்கை நீ பார்த்ததில்லை, நீ போன பிறகு கடை போட்டவர், எதற்கெடுத்தாலும் பொறுமை பொறுமை என்பார், அதனால் பேரே பொறுமை ஆகிவிட்டது. அவர் பார்த்துவிட்டு, அக்கா, இந்த வேலைக்கு இந்த ஃபேன் ஆகாது, கரண்டு ஃபேன் போட்டா இன்ஜின் நின்னாலும் அது ஓடும், சூடு ஏறினா தானா கிளம்பும், சூடு எறங்கினா தானா நிக்கும், உங்களுக்கு இது ஒண்ணுதான் வழி என்றார். எனக்குப் பயம், பெல்ட்டைக் கழற்றினால் தண்ணீர் எப்படிச் சுற்றும் என்று கேட்டேன். பெல்ட்டு அங்கேயேதான் இருக்கும், பம்பும் டைனமோவும் அதில்தான் சுற்றும், ஃபேன் இறக்கையை மட்டும்தான் எடுக்கிறேன் என்று காட்டினார். சரி என்று சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை. அவர் ரேடியேட்டர் தண்ணீரை வடித்து, குழாயைப் பிடுங்கி, நாலு நட்டைக் கழற்றி ஃபேனைத் தரையில் வைத்தார். ஆறு இறக்கை, ஒன்றில் மூக்கு உடைந்திருந்தது. அது தரையில் கிடக்கிறதைப் பார்த்தபோதுதான் உன் தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு, அம்மா, அண்ணன், என்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நீ நினைப்பாய், போனில் சத்தத்தைப் பதிவு பண்ணி வைத்திருக்கலாமே என்று. அவளும் அதைத்தான் சொன்னாள். அதுவரைக்கும் எங்கள் ரெண்டு பேருக்கும் கன்று, குடைக்காரர், மூணு நாள், இதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நான் பொறுமையிடம், தம்பி, இதைத் திரும்ப மாட்டி ஒரு தடவை ஸ்டார்ட் பண்ண முடியுமா என்று கேட்டேன். எதுக்குக்கா என்றார். சத்தம் பிடிக்க என்றேன். என் முகத்தையே பார்த்தார், சிரிக்கவில்லை. மாட்டலாம்க்கா, குழாய் எல்லாம் பூட்டி, தண்ணி ஊத்தி, திரும்பக் கழட்டணும், அரை நாள் போயிடும், நீங்க சொல்லுங்க, பண்றேன் என்றார். குடைக்காரர் கொடுத்த மூணு நாளில் அன்றைக்கு இரண்டாவது நாள் மத்தியானம். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேறு யாரும் சொல்லவில்லை கண்ணு, உன் தங்கச்சியும் இல்லை, மெக்கானிக்கும் இல்லை, நான்தான் சொன்னேன்.

புது ஃபேன் மாட்டின கதையையும் கேள், கொஞ்சம் சிரிப்பாய். ரேடியேட்டருக்குப் பின்னால் தகரத்தில் கூடு மாதிரி செய்து அதில் ரெண்டு ஃபேனையும் உட்காரவைத்தார், குழாயில் ஒரு சூட்டு சுவிட்ச், பேட்டரியிலிருந்து தடி ஒயர், டைனமோவையும் பெரிசாக மாற்றினார், ஓட்டுகிறவர் கைக்கு எட்டுகிற மாதிரி தனியாக ஒரு சுவிட்ச் வேறு. மூணாவது நாள் காலையில் ஸ்டார்ட் பண்ணி நிறுத்தி வைத்துப் பார்த்தால், சூடு ஏறினதும் ஃபேன் விர் என்று தானாகவே கிளம்பியது, பட்டறையே கை தட்டியது. கால் மணி நேரத்தில் முள் சிவப்பு. முன்னாடியாவது ஒன்றரை மணி நேரம் தாங்கும். பொறுமைக்கே பொறுமை போய்விட்டது, தண்ணி பத்தல என்றார், சுவிட்ச் சரியில்ல என்றார், ரேடியேட்டரே அடைச்சிருக்கு என்றார், இருந்ததையும் கழற்றி ஒன்றும் இல்லாமல் ஆக்கிக்கொண்டோமே என்று நினைத்தேன். நான் வாளியை வைத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் நின்றிருந்தேன். முகத்தில் அனல் அடித்தது. இருபத்தாறு வருஷமாக அந்த வண்டியின் முன்பக்கத்தைத் துடைத்தவள் நான், இன்ஜின் ஓடும்போது துணியை ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற கம்பி ஜாலியில் வைத்தால் கை எடுத்தாலும் விழாது, உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இப்போது வைத்தேன், துணி பறந்து என் மூஞ்சியிலேயே வந்து அடித்தது. தம்பி, இது இழுக்கல, ஊதுது என்றேன். போங்கக்கா, என்றவர் வந்து தானே துணியை வைத்தார், அவர் மூஞ்சியிலும் அடித்தது. தலையில் ஓங்கி ஒரு போடு போட்டுக்கொண்டு, ரெண்டு ஒயரையும் மாத்திக் குடுத்துட்டேன்க்கா, ஃபேன் தலைகீழாச் சுத்துது என்றார். ரெண்டு நிமிஷ வேலை, மாற்றினதும் துணி கப்பென்று ஒட்டிக்கொண்டது. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது என்று கேட்டார், இத்தனை வருஷம் அடுப்பு ஊதினவளுக்கு ஊதுறது எது இழுக்கிறது எதுன்னு தெரியாதா என்றேன். அன்றையிலிருந்து பட்டறையில் அவர் பேர் பொறுமை இல்லை, ஊதுகுழல். மறுநாள் ஆறு கிலோமீட்டரையும் நிற்காமல் முடித்தோம். குடைக்காரர் குடையை மடக்கி வைத்துவிட்டுக் கன்றுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தார், வேலையும் நமக்கே என்றாகிவிட்டது.

இனி மற்றதைச் சொல்கிறேன். ஃபேன் மாற்றின வார ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டு, வண்டிகிட்ட போம்மா என்றபோது, வண்டி வேலைக்குப் போயிருக்கு என்று சொன்னேன். வாசலிலேயே நின்றது. அதற்கடுத்த ஞாயிறு நீ விடவில்லை. அப்பா போய் ஒரு வருஷம் ஆகப் போகுதும்மா, இன்னைக்கு ஒரு தடவை ஆக்சிலேட்டரை நல்லா மிதிக்கச் சொல்லு என்றாய். உன் குரல் எப்படியோ இருந்தது. இரு ராசா, நடந்து போறேன் என்று சொல்லிவிட்டு நான் தெருக்கோடிக்குப் போனேன். அங்கே செங்கல் லோடு அடிக்கிறவர் இருக்கிறார், நம் வண்டி மாதிரியே பழைய வண்டி, அதே இரும்பு ஃபேன். கையால் சைகை காட்டினேன், ஸ்டார்ட் பண்ணுங்க என்று. என்ன தங்கச்சி, என் வண்டிக்குக் கச்சேரியா என்று சிரித்துக்கொண்டே ஏறி மிதித்தார். நான் போனை நீட்டிப் பிடித்தேன். சத்தம் அடங்கியது. அப்புறம், அப்பா தெரு திரும்பி வர மாதிரியே இருக்கும்மா என்று சொல்லி ஓ என்று அழுதாய். இந்த ஒரு வருஷத்தில் நீ அழுது நான் கேட்டது அது ஒரு தடவைதான். நீ அழுதது செங்கல் வண்டிக்கு, கண்ணு. எழுதிவிட்டேன். உன் குரல் அவருக்கும் கேட்டுவிட்டது, சாவியைத் திருப்பி நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நாலு நாள் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிப் போனார். அஞ்சாம் நாள் நேராகவே வந்து, தங்கச்சி, நான் கல்லு ஏத்துற ஆளு, என் வண்டியை வெச்சு ஒரு புள்ளைய அழ வெச்சுட்டீங்களே, அந்தப் புள்ளைகிட்ட உண்மையைச் சொல்லுங்க, இல்லேன்னா எனக்குச் சாப்பாடு எறங்காது என்றார். அந்த மனுஷனுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். உன்னை ஏமாற்ற வேண்டும் என்று நான் தெருக்கோடிக்கு நடக்கவில்லை, உன்னை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்றுதான் நடந்தேன். ஆனாலும் ஏமாற்றினது ஏமாற்றினதுதான்.

ஏன் முதல் வாரமே சொல்லவில்லை என்று கேட்பாய். கேட்டால் சொல்கிற பதில் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அப்பா இருந்தபோது நீ மாசத்துக்கு ஒரு தடவை பேசுவாய், சில மாசம் அதுவும் இல்லை, நான் குறை சொல்லவில்லை, உன் வேலை அப்படி. அவர் போனபோது உனக்கு லீவு கிடைக்கவில்லை, போனிலேயே முகத்தைப் பார்த்தாய், அதற்கப்புறம்தான் இந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு வந்தது. நாற்பது ஞாயிறுக்கு மேல் ஆயிற்று, ஒன்றைக்கூட நீ விட்டதில்லை. சாப்பிட்டியாம்மா, மருந்து போட்டியாம்மா என்று நாலு வார்த்தை கேட்பாய், அப்புறம் வண்டிகிட்ட போம்மா என்பாய். நான் வாசலுக்கு நடக்கிற நேரம்தான் எனக்கும் உனக்குமான பேச்சு. சத்தம் கேட்டதும், சரிம்மா வெக்கிறேன் என்பாய். அந்தச் சத்தம் இல்லை என்று தெரிந்தால் நீ எதற்காகக் கூப்பிடப் போகிறாய் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. இதுதான் உண்மை. அதற்கும் கீழே ஒன்று கிடக்கிறது, மனசைத் தொட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்த ஃபேன் மேல் பொறாமை. பட்டறையில் அரை நாள் போகும் என்றபோது நான் வேண்டாம் என்று சொன்னேனே, அது கன்றுக்காக மட்டும்தானா என்று திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்துவிட்டேன். முக்கால்வாசி கன்றுக்காகத்தான் இருக்கும். மிச்சத்தை நீதான் மன்னிக்க வேண்டும்.

நீ சின்ன வயசிலேயே வெளியே போய்விட்டாய், அதனால் சில விஷயம் உனக்குத் தெரியாது. உன் அப்பாவுக்கு அந்தச் சத்தம் பிடிக்காது. நீண்ட தூரம் போகும்போது இடது காதில் பஞ்சு வைத்துக்கொள்வார், கடைசி ரெண்டு மூணு வருஷம் அந்தக் காது பாதிக்கு மேல் கேட்காது, வெளியே சொன்னால் லைசென்ஸ் போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் அவர் கத்தி உப்பு கேட்டால் எதிர்வீட்டுக்காரி சண்டை என்று எட்டிப் பார்ப்பாள், எனக்கு மட்டும் ரகசியம் என்று அவர் சொல்கிறதும் தெரு முழுக்கக் கேட்கும். நீ கடைசியாக அவரோடு பேசினாயே, வர முடியலப்பா, அடுத்த வருஷம் வரேன் என்று, அவர் வெறுமனே சரி சரி என்று சொல்லி வைத்துவிட்டார், கோபமாத்தான் வெச்சுட்டாரும்மா என்று நீ இரண்டு மூணு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாய். அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார் கண்ணு. வீட்டுக்கு வந்து என்னிடம், பெரியவன் பேசினான், சத்தத்துல ஒண்ணும் புரியல, நல்லாத்தான் இருக்கான் போல என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இதை நான் உனக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும், ஆனால் நீ உயிராகக் கேட்கிற சத்தத்தைக் குறை சொல்கிற மாதிரி ஆகிவிடுமே என்று விழுங்கிவிட்டேன். அவர் கோபமாக இல்லை. அவருக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது வண்டிக்குள் உட்கார்ந்தால் பேச முடிகிறது. தண்ணீர் நிரப்பப் போகும்போது நான் முன்னால்தான் உட்காருவேன். உன் தங்கச்சி ஓட்டும்போது வாய்க்குள் முணுமுணுக்கிறாள் என்று இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சைக்கிள்காரன் குறுக்கே வந்தால், போ மாப்ள போ, உனக்குப் பின்னால ராஜாங்கமே காத்துக் கிடக்கு என்கிறாள். எங்கேடி இந்தப் பேச்சைக் கற்றுக்கொண்டாய் என்றேன், அப்பா இப்படித்தாம்மா பேசுவாரு என்கிறாள், அவர் உதடு அசைகிறதைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டாளாம். இருபத்தாறு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தும் நான் அதைக் கேட்டதில்லை. என்னை ஏதோ திட்டுகிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தோம், ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது, ஆஃப் பண்ணுடி என்று கத்தினேன், சாவி என் இடுப்புல இருக்கு, சூடு எறங்கினா அதுவே நிக்கும், நீ சாப்பிடு என்றாள், எனக்கு அது நிற்கிற வரைக்கும் சோறு இறங்கவில்லை, இப்போது பழகிவிட்டது. அவளுக்கு ஓட்டுநர் உரிமம் பெரிய வண்டிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், அதை உன்னிடம் அவளே சொல்ல வேண்டும் என்று இருக்கிறாள், தெரியாத மாதிரி கேட்டுக்கொள். சமையலறைக் கூரை ஒழுகினது சரியாகிவிட்டது. கன்றுகளில் நூற்றுக்குப் பத்துதான் பட்டுப்போனது, மற்றதெல்லாம் துளிர் விட்டிருக்கிறது.

பழைய ஃபேனைப் பழைய இரும்புக்குப் போடவில்லை. சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன், வீடு கூட்டும்போது கால் விரலில் இடித்துக்கொள்கிறேன். நீ வைக்கச் சொன்னால் இருக்கட்டும், நீ வரும்போது பார்க்கலாம். திரும்ப மாட்டித்தான் ஆக வேண்டும், ஒரு தடவையாவது கேட்க வேண்டும் என்று நீ சொன்னால், அதற்கும் ஊதுகுழலிடம் பேசிவிட்டேன், வேலை இல்லாத நாளாகப் பார்த்து மாட்டிக் கொடுக்கிறேன் என்றிருக்கிறார். ஆனால் அது கேட்டு முடிந்ததும் மறுபடி கழற்ற வேண்டியதுதான், அதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நீ அங்கே ஈரத் துணியைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகாதே, இருமல் அதனால்தான் விடமாட்டேன் என்கிறது. வெந்நீர் குடி. தூங்காமல் போனைப் பார்த்துக்கொண்டு இருக்காதே, இந்தக் கடிதத்தையும் சாப்பிட்டுவிட்டுப் படி என்று மேலேயே எழுதியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். நீ ஒரு குறையும் இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும், உன் கை தொட்ட வேலை எல்லாம் விளங்க வேண்டும், என் ஆயுசும் உன் அப்பா பாதியில் விட்டுப்போன ஆயுசும் சேர்த்து உங்கள் ரெண்டு பேருக்கும் கிடைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணியை மறந்துவிடாதே. நான் வாசலுக்கும் போக மாட்டேன், தெருக்கோடிக்கும் போக மாட்டேன், போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பேன், முதல் மணியிலேயே எடுப்பேன். கோபம் இருந்தால் நன்றாகத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் ஒன்றும் பேச வேண்டாம், போனை வைக்காமல் சும்மா இரு, அந்தப் பக்கம் நீ மூச்சு விடுகிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னிடம் பொய் சொன்ன, இனிச் சொல்லாத
அம்மா